வாடகையே லோனை அடைச்சிடுமா? முதல் தடவையா ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம்னு இருக்கோம், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

முதல்சாவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். 12 வருஷமா வேலை பாக்குறேன், இப்போ இருக்கிற வீடு சொந்த வீடு, அதோட லோன் போன வருஷம்தான் முடிஞ்சுது. கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு, அதை வச்சு இன்னொரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விடலாம்னு நானும் என் மனைவியும் பேசிக்கிட்டு இருக்கோம். 30 சதவீதம் கையிலருந்து போடுங்க, மிச்சம் 70 லோன் எடுத்துக்கங்க, வர்ற வாடகையே தவணையைக் கட்டிடும், 20 வருஷத்துல வீடு உங்க கைக்கு வந்துடும்னு புரோக்கர் சொல்றார். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ராத்திரி உக்காந்து நோட்டுல எழுதிப் பாத்தா எங்கேயோ இடிக்குது, எங்கேன்னுதான் பிடிபடல.

ரெண்டு வீடு பாத்து வச்சிருக்கோம். ஒண்ணு புதுசு, சின்னது, இன்னும் யாரும் குடி வரல. இன்னொண்ணு 20 வருஷப் பழசு, கொஞ்சம் பெருசு, உள்ள ஏற்கெனவே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்காங்க. ஆளோடவே வாங்கிக்கங்க, முதல் மாசத்துலருந்தே வாடகை வரும்னு ஓனர் சொல்றார். அந்த வீட்டுல பின்னாடி ரூம்ல ஒரே ஒரு சுவர் மட்டும் புதுசா பெயின்ட் அடிச்சிருந்துது, கேட்டதுக்கு குழந்தைங்க கிறுக்கிட்டாங்கன்னு சொன்னார்.

கணக்கை எப்படிப் போடணும், குடி வர்றவங்களை எப்படிப் பாத்து எடுக்கணும், வீட்டுல என்னென்ன பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. தப்பு பண்ணிட்டு அப்புறம் திருத்திக்கற அளவுக்கு எங்ககிட்ட பணம் இல்ல, அதான் முன்னாடியே கேக்குறேன்.

---

கணக்குநோட்டு எழுதியது:

நண்பரே, உங்களுக்கு இடிக்கிற இடம் எதுன்னு சொல்றேன். புரோக்கர் 12 மாச வாடகையை எடுத்து 12 மாச தவணைக்கு நேரா வைக்கிறார். வாடகை அப்படியே முழுசா கைக்கு வராது.

உங்க ஊர் விலையை விட்டுடுவோம், 100ன்னு வச்சுப் பாப்போம். வீட்டு விலை, பதிவுச் செலவு, புரோக்கர் கமிஷன், ஆள் குடி வர்றதுக்கு முன்னாடி பண்ற வேலை எல்லாம் சேத்து 100. வருஷ வாடகை 6ன்னு வைங்க, அதாவது 6 சதவீதம், விளம்பரத்துல போடறது இந்த எண்ணைத்தான். இப்போ வருஷத்துக்கு ஒரு மாசம் வீடு காலியா கிடக்கும்னு கழிங்க, எல்லா வருஷமும் கிடக்காது ஆனா ஒருத்தர் போய் இன்னொருத்தர் வர்ற வருஷம் ரெண்டு மூணு மாசம்கூட ஆகலாம், சராசரியா ஒரு மாசம்னு வச்சா 6 வந்து 5.5 ஆகுது. ரிப்பேருக்கு வீட்டு மதிப்புல வருஷம் 1 சதவீதம் ஒதுக்கறது பொதுவா எல்லாரும் வச்சிருக்கிற அளவு, அதையும் கழிச்சா 4.5. வரி, இன்ஷூரன்ஸ், பொதுப் பராமரிப்புக் கட்டணம் இதெல்லாம் சேத்து ஒரு 0.7னு போட்டா மிஞ்சறது 3.8. வாடகை மேல கட்ட வேண்டிய வருமான வரி இதுல இன்னும் வரல.

லோன் பக்கம் வாங்க. 70-ஐ 8.5 சதவீத வட்டிக்கு 20 வருஷத்துக்கு எடுத்தா மாசத் தவணை 0.61 கிட்ட, வருஷத்துக்கு 7.3. வர்றது 3.8, போறது 7.3, மிச்சம் 3.5 வருஷா வருஷம் உங்க சம்பளத்துலருந்து போகும். அதுலயும் முதல் வருஷம் கட்டற 7.3ல 5.9 வட்டி, அசல் குறையறது 1.4தான். இதைத்தான் வீடு சும்மா வருதுன்னு சொல்றாங்க.

அதே வீட்டுக்கு லோன் 35 மட்டும் எடுத்தீங்கன்னா வருஷத் தவணை 3.65, வர்ற 3.8 அதைத் தாங்கும். ஆக வீடு நல்லதா கெட்டதாங்கறதை விட நீங்க எவ்வளவு கடன் வாங்குறீங்கங்கறதுதான் இதுல பெரிய விஷயம். உங்க வீட்டுக்கு உண்டான வாடகை, வட்டியைப் போட்டு இதே வரிசையில ஒரு தடவை எழுதிப் பாருங்க, நிலைமை என்னன்னு அரை மணி நேரத்துல தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, மாறும் வட்டின்னா இதையும் பாருங்க. 8.5 இருந்தது 9.5 ஆச்சுன்னா தவணை கிட்டத்தட்ட ஏழரை சதவீதம் கூடும். தவணை கூடலியே அதே தொகைதானே பிடிக்கிறாங்கன்னு நிறைய பேர் நிம்மதியா இருப்பாங்க, அங்க நடக்கறது என்னன்னா 20 வருஷ லோன் ஆரம்பத்துலயே இப்படி வட்டி ஏறினா அதே தவணையில முடிய 25 வருஷத்துக்கு மேல ஆகும். பேங்க்லருந்து வர்ற ஸ்டேட்மென்ட்ல மிச்சம் எத்தனை மாசம்னு ஒரு கட்டம் இருக்கும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதைப் பாருங்க.

விலை ஏறும் அது லாபம்தானேன்னு யாராவது வந்து சொல்வாங்க. ஏறலாம், ஏறட்டும், ஆனா அதைக் கணக்குல சேக்காதீங்க. ஏறின விலையை வச்சு இந்த மாசத் தவணையைக் கட்ட முடியாது. 6 மாசத் தவணையும் ஒரு பெரிய ரிப்பேருக்கு உண்டான பணமும் தனியா ஒதுக்கி வச்சிட்டு அதுக்கப்புறமும் சேமிப்பு மிஞ்சினா வாங்குங்க.

---

ரெண்டுபோர்ஷன் எழுதியது:

தம்பி, கணக்கு மேல சொன்னவர் சரியாச் சொல்லிட்டார், நான் ஆளுங்க விஷயம் சொல்றேன். 15 வருஷமா ரெண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டுட்டு வர்றேன், நல்லவங்களும் வந்தாங்க, கஷ்டப்படுத்தினவங்களும் வந்தாங்க.

ஒருத்தர் குடி வர்றேன்னு வந்தா எல்லாரும் இப்போ இருக்கிற ஓனருக்குத்தான் போன் பண்ணி எப்படின்னு கேப்பாங்க. அவரு அவங்களை எப்படியாவது அனுப்பிடணும்னு நினைச்சிட்டிருந்தா தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவார். அதனால நான் அதுக்கு முந்தி இருந்த வீட்டு ஓனரை கேப்பேன். அவருக்கு எந்த லாபமும் நஷ்டமும் இல்ல, உள்ளதைச் சொல்லுவார். ரெண்டே கேள்விதான், வாடகை தேதிக்கு வந்துதா, மறுபடியும் அவங்களுக்கே வீடு குடுப்பீங்களா. ரெண்டாவது கேள்விக்கு ஒரு நொடி யோசிச்சாருன்னா அதுவே பதில்.

வாடகை அவங்க மாச வருமானத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போகாம இருந்தா நல்லது, அதுக்கு மேல போனா நல்ல மனுஷங்களே ஆனாலும் ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா வாடகைதான் முதல்ல நிக்கும். வருமானம், வேலை, முன்ன இருந்த வீடு இதை மட்டும் பாருங்க. பேரு, ஊரு, பேசற பாஷை, என்ன சாப்பிடறாங்கன்னு பாத்து முடிவு பண்றது அநியாயம், நிறைய இடத்துல சட்டப்படியும் தப்பு. நான் ஒரு காலத்துல அப்படி ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கேன், இன்னிக்கும் அது மனசுல கிடக்கு.

அக்ரிமென்ட் கண்டிப்பா எழுத்துல இருக்கணும், சொந்தக்காரங்களா இருந்தாலும். வாடகை எந்த தேதிக்குள்ள, எத்தனை பேர் இருப்பாங்க, காலி பண்ண எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும், வாடகை எப்போ எவ்வளவு ஏறும், எந்த ரிப்பேர் யாரு செலவு, அட்வான்ஸ்ல எதுக்குப் பிடிக்கலாம், எத்தனை நாள்ல திருப்பித் தரணும், இவ்வளவும் அதுல வந்திடணும். ரிப்பேர் பத்தி எழுதும்போது "சின்ன ரிப்பேர் குடித்தனக்காரர் செலவு"ன்னு மொட்டையா எழுதிடாதீங்க, எது சின்னதுன்னு சண்டை அங்கதான் ஆரம்பிக்கும், பல்பு, குழாய் வாஷர்னு பேரைச் சொல்லியே எழுதுங்க.

சாவி குடுக்கற அன்னிக்கு அவங்களையும் கூட வச்சுக்கிட்டு ஒவ்வொரு ரூமா வீடியோ எடுங்க, ஜன்னல் கொக்கி, கதவுப் பூட்டு, சிங்க் அடியில, கரன்ட் மீட்டர் ரீடிங், தண்ணி மீட்டர் ரீடிங் எல்லாம். எடுத்ததை அன்னிக்கே அவங்களுக்கும் அனுப்பிடுங்க. ஒரு தடவை அடுப்பு மேடைக் கல்லுல விரிசல் விட்டது யாரால்னு பெரிய பேச்சாயிடுச்சு, பழைய போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தா நான் வீடு குடுத்தப்பவே மெல்லிசா ஒரு கோடு அங்க இருந்திருக்கு. அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டு அட்வான்ஸை முழுசா குடுத்தேன். வீடியோ ரெண்டு பக்கத்துக்கும் நியாயம் பண்ணும்.

அட்வான்ஸ் உங்க பணம் இல்ல தம்பி. தனி அக்கவுன்ட்ல போட்டு வைங்க, தொடவே தொடாதீங்க. காலி பண்றவங்களுக்கு அடுத்த ஆள் வந்து குடுத்தாதான் தருவேன்னு சொல்றவங்களைப் பாத்திருக்கேன், அவங்களுக்கு அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட எங்கருந்து பணம் வரும்?

வாடகை நின்னுபோச்சுன்னா தண்ணியை நிறுத்தறது, கரன்டைப் பிடுங்கறது, பூட்டு மாத்தறது இதெல்லாம் பண்ணாதீங்க, பெரும்பாலான ஊர் சட்டத்துல குத்தம் உங்க பேர்ல திரும்பிடும். முதல் மாசம் தவறினப்பவே போய் உக்காந்து பேசுங்க, பேசினதை ஒரு மெசேஜாப் போட்டு வைங்க. மூணு மாசம் பொறுத்துட்டு அப்புறம் கோவப்படறதுதான் எல்லாரும் பண்ற தப்பு.

அந்தப் பழைய வீட்டை ஆளோட வாங்கறதா இருந்தா அவங்க அக்ரிமென்ட்டை நீங்க கண்ணால பாத்தாகணும். நடப்புல இருக்கிற அக்ரிமென்ட் பொதுவா வாங்கறவரையும் கட்டுப்படுத்தும், அதனால வக்கீல்கிட்ட காட்டுங்க. அவங்க குடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, அது பழைய ஓனர்கிட்டருந்து உங்களுக்கு வந்துதாங்கறது மூணு பேர் கையெழுத்தோட இருக்கணும். இல்லாட்டி பணம் அவர் வாங்கியிருப்பார், நாளைக்கு திருப்பிக் குடுக்கறது நீங்களா இருப்பீங்க.

---

பைப்பும்ஒயரும் எழுதியது:

வீட்டு மெயின்டனன்ஸ் வேலைதான் எனக்குத் தொழில். சார் அந்த ஒரு சுவர் மட்டும் புது பெயின்ட்னு எழுதினதைப் படிச்ச உடனேயே இதை எழுத உக்காந்துட்டேன். நான் பாத்த வரைக்கும் ஒரு சுவரை மட்டும் அடிச்சா பாதிக்கு மேல ஓதம்தான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கான்னு பாருங்க, மேல மாடியில என்ன இருக்குன்னு பாருங்க, சுவர்ல கீழ ஒரு முழம் உயரத்துக்குள்ள கையை வச்சுத் தடவிப் பாருங்க, சில்லுன்னு இருக்கா, பெயின்டுக்கு அடியில உப்பு மாதிரி பொருபொருன்னு உதிருதான்னு.

இன்னும் நிச்சயமா தெரியணும்னா ஒரு கெட்டியான பிளாஸ்டிக் ஷீட், ரெண்டு அடிக்கு ரெண்டு அடி, அதைச் சுவர்ல வச்சு நாலு ஓரமும் காத்து போகாம டேப் ஒட்டி ரெண்டு நாள் விட்டுடுங்க. எடுக்கும்போது சுவர் பக்கத்துல தண்ணி கோத்திருந்தா ஈரம் சுவருக்குள்ளருந்து வருது, ரூம் பக்கத்துல கோத்திருந்தா உள்காத்து ஈரம், ஜன்னல் திறந்து வச்சாலே அது பெரும்பாலும் சரியாயிடும். ரெண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உண்டான வித்தியாசம்.

பாத்ரூமுக்கு, தண்ணி வெளிய போற ஓட்டையை துணி வச்சு அடைச்சு தரையில ரெண்டு இஞ்ச் தண்ணி தேக்கி 24 மணி நேரம் விடணும், கீழ் வீட்டு சீலிங்ல கறை வருதான்னு பாக்கணும். நிலைப்படி வழியா ரூமுக்குள்ள வராத அளவுக்கு மட்டும் தேக்குங்க. விக்கிறவர் இதுக்கு ஒத்துக்கலைன்னா அது ஏன்னு யோசிங்க. டாய்லெட் ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் கலர் பொடி கரைச்சு ஊத்திட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம இருங்க, கீழ பேசின்ல கலர் இறங்குச்சுன்னா உள்ள இருக்கிற ரப்பர் போச்சு. சின்ன செலவுதான், ஆனா ராத்திரி பகலா ஓடி தண்ணி பில்லை ஏத்திடும், யாருக்கும் சத்தமே கேக்காது. எல்லாக் குழாயையும் மூடிட்டு தண்ணி மீட்டரைப் பாருங்க, முள்ளு நகர்ந்துச்சுன்னா எங்கேயோ கசியுது.

கரன்ட் விஷயத்துல கஞ்சத்தனமே கூடாது சார், அது உயிர் சமாச்சாரம். போர்டுல ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிஞ்சா தானா லைனைத் துண்டிக்கிற சுவிட்ச், இருக்கான்னு பாருங்க, 30 மில்லி ஆம்பியர்னு மேல போட்டிருக்கும், டெஸ்ட் பட்டனை அமுக்கினா டப்புன்னு விழணும். விழலைன்னா மாத்துங்க, இல்லவே இல்லைன்னா ஆள் குடி வர்றதுக்கு முன்ன போடுங்க, எர்த் சரியா இருக்கான்னும் ஒரு தெரிஞ்ச எலக்ட்ரீஷியனை வச்சுப் பாத்துடுங்க. பாத்ரூமுக்குள்ள கேஸ் ஹீட்டர் மாட்டியிருந்தா கழட்டி புகை வெளிய போற மாதிரி காத்தோட்டமான இடத்துக்கு மாத்துங்க. மூடின பாத்ரூம்ல கார்பன் மோனாக்சைடு சேந்தா வாசனையே தெரியாது, குளிக்கப் போனவங்க அப்படியே மயங்கி விழுந்துடுவாங்க.

மத்தபடி வாடகை வீட்டுக்கு எல்லாச் சுவருக்கும் ஒரே கலர் அடிங்க, கலர் நம்பரை எழுதி வைங்க, மிச்ச டப்பாவை மூடி வைங்க. குழாய், பூட்டு எல்லாம் கடையில எப்பவும் கிடைக்கிற சாதாரண மாடலாப் போடுங்க, ஃபேன்சியா போட்டா பார்ட்ஸ் கிடைக்காது.

---

ஆறுவருஷக்குடி எழுதியது:

நான் ஓனர் இல்லைங்க, வாடகைக்கு இருக்கிறவன். ஒரே வீட்டுல 6 வருஷமா இருக்கேன், அதுக்கு முந்தின வீட்டை ஒரே வருஷத்துல காலி பண்ணினேன். ரெண்டுக்கும் வாடகையில பெரிய வித்தியாசம் இல்ல.

முந்தின வீட்டுல சமையல் ரூம் சிங்க் அடைச்சுக்கிட்டு தண்ணி திரும்பி வந்துது, ஓனருக்கு அஞ்சு தடவை போன் பண்ணேன், பாக்கலாம் பாக்கலாம்னே மூணு வாரம் போச்சு. ராத்திரி பாத்திரம் கழுவின தண்ணியை என் மனைவி பக்கெட்ல பிடிச்சு பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போவாங்க, அப்போ அவங்களுக்கு ஏழு மாசம். அன்னிக்கு முடிவு பண்ணேன். இந்த வீட்டு ஓனர் போன் எடுப்பார், அதே நாள்ல வேலை நடக்காட்டியும் எப்போ ஆள் வரும்னு சொல்லிடுவார். வர்றதுக்கு முன்ன கேட்டுட்டுத்தான் வருவார், தன் சாவி இருக்குன்னு திறந்துக்கிட்டு வந்து நிக்க மாட்டார். நாங்க இந்த வீட்டை எங்க வீடு மாதிரிதான் வச்சிருக்கோம்.

நீங்க பாத்த பழைய வீட்டுல குடி இருக்கிறவங்ககிட்ட ஓனர் இல்லாத நேரமா நாலு வார்த்தை பேசுங்க. அந்த வீட்டைப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு வேற யாருக்கும் தெரியாது.

---

முதல்சாவி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. கணக்குநோட்டு சார் சொன்ன வரிசையில எழுதிப் பாத்தோம், எங்க வீட்டுக்கு வாடகை நீங்க வச்ச 6-ஐ விடக் குறைச்சல்தான் வருது, அதனால 70 லோன் யோசனையை விட்டுட்டோம். இன்னும் ரெண்டு வருஷம் சேத்துட்டு 40க்குள்ள லோன் எடுக்கற மாதிரி பாக்கலாம்னு என் மனைவி சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது.

நேத்து சாயங்காலம் பழைய வீட்டுக்குப் போனோம். அந்தம்மா முதல்ல பேசவே தயங்கினாங்க, அப்புறம் பீரோவை லேசா நகர்த்திக் காட்டினாங்க. பீரோ மறைவுல இருந்த இடத்துல மட்டும் பெயின்ட் அடிக்காம விட்டிருக்காங்க, சுவர் முழுக்க கருப்பா பூஞ்சை, பீரோவோட பின்தகடு துருப்பிடிச்சு கையில உதிருது. அந்தப் பக்கம் பாத்ரூமேதான். அவங்க பையனுக்கு மழை சீசன்ல மூச்சுத் திணறல் வருதாம், ஓனர்கிட்ட ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்காங்களாம். நாங்க இதை ஓனர்கிட்ட சொன்னா அவங்களுக்கு ஏதாவது பிரச்சினை வருமோன்னு பயமா இருக்கு.

இன்னொரு கேள்வி. அந்த வீட்டு வாடகை அக்கம்பக்கத்தை விட 5 சதவீதம் கம்மி. வாங்கினா ஏத்தணுமா, இல்ல அப்படியே விடலாமா?

---

கணக்குநோட்டு எழுதியது:

5 சதவீதம் ஏத்தினதால அவங்க காலி பண்ணிட்டு வீடு ஒரு மாசம் சும்மா கிடந்தா, போன அந்த ஒரு மாச வாடகையைத் திரும்ப எடுக்க உங்களுக்கு 20 மாசம் ஆகும். ரெண்டு மாசம் கிடந்தா 40 மாசம், பெயின்ட், புரோக்கர் செலவு தனி. தேதிக்கு வாடகை குடுக்கறவங்களா இருந்தா முதல் வருஷம் தொடாதீங்க, அப்புறம் அக்ரிமென்ட்ல எழுதின அளவுக்கு வருஷா வருஷம் சின்னதா ஏத்துங்க.

---

பைப்பும்ஒயரும் எழுதியது:

சார் அந்தம்மா பேரை இழுக்கவே வேண்டாம். வாங்கறதுக்கு முன்ன என் ஆளை வச்சு வீட்டைச் செக் பண்ணணும்னு ஓனர்கிட்ட சொல்லுங்க, வழக்கமா எல்லாரும் கேக்கறதுதான். வர்றவர் தானே பீரோவை நகர்த்திப் பாத்து எழுதிக் குடுத்துடுவார். பாத்ரூம் டைல்ஸை எடுத்து வாட்டர் ப்ரூஃபிங் பண்ணி பைப் மாத்தி, சுவர் பூச்சைக் கொத்தி எடுத்துட்டு நல்லா காய விட்டுத் திரும்பப் பூசணும், காயறதுக்கே வாரக்கணக்குல ஆகும், மேல பெயின்ட் அடிக்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான். அதுக்கு ரெண்டு பேர்கிட்ட எஸ்டிமேட் வாங்கி அந்தத் தொகையை விலையில குறைக்கச் சொல்லிக் கேளுங்க. குறைச்சாலும் குறைக்காட்டியும் ரிப்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் முன்பணம் குடுத்துடாதீங்க. பையனுக்கு மூச்சுத் திணறல்னு சொல்றீங்க, வாங்கினீங்கன்னா முதல் வேலையா அந்தச் சுவரைப் பாருங்க, அதுவரைக்கும் அவனை முன் ரூம்ல படுக்க வைக்கச் சொல்லுங்க.